ஜிம் சைமன்ஸிடம் ரகசியச் சூத்திரம் ஏதாவது இருந்ததா?

கேள்வியைச் சுருக்கமாகத் திருப்பிச் சொல்கிறேன். ஜிம் சைமன்ஸ் கணிதப் பேராசிரியர்; செர்ன்–சைமன்ஸ் கோட்பாட்டுக்குச் சொந்தக்காரர்; அந்தக் கணிதத்தை வைத்துத்தான் சந்தையில் யாரும் எடுக்காத லாபத்தை எடுத்தார் என்று எங்கோ படித்திருக்கிறீர்கள். அந்தச் சூத்திரம் எங்கே கிடைக்கும், கணிதத்தில் முதுகலை முடித்த உங்கள் தம்பி அதைப் படித்தால் அதே வழியில் போக முடியுமா என்று கேட்கிறீர்கள். நீங்கள் உண்மையில் தெரிந்துகொள்ள விரும்புவது, ஒருவருடைய கணித மூளை எப்படிப் பணமாக மாறியது என்பதை. நான் புள்ளியியல் படித்தவன். சந்தைத் தரவை வைத்து, விலையைக் கணிக்கும் கணித மாதிரிகள் எழுதும் வேலையில் பல ஆண்டுகள் இருந்தவன். சைமன்ஸின் வர்த்தக நிறுவனமான ரெனைசான்ஸ் டெக்னாலஜிஸில் வேலை செய்தவன் இல்லை. அதனால் வெளியில் பதிவாகியிருப்பதையும், அதிலிருந்து என் தொழில் அனுபவத்தில் ஊகிப்பதையும் தனித்தனியாகவே சொல்கிறேன்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். செர்ன்–சைமன்ஸ் வேலைக்கும் பங்குச் சந்தைக்கும் நேரடித் தொடர்பு கிடையாது. ஷீயிங்-ஷென் செர்னுடன் சேர்ந்து அவர் 1974-ல் வெளியிட்ட கட்டுரை தூய வடிவியல். 1976-ல் அமெரிக்கக் கணிதச் சங்கத்தின் வெப்லன் பரிசு அவருக்குக் கிடைத்தது வடிவியலுக்காகத்தான். 1980-களின் இறுதியில் இயற்பியலாளர் எட்வர்ட் விட்டன் அதை எடுத்துக் குவாண்டம் புலக் கோட்பாட்டில் பயன்படுத்தியபோது அது பெரிய துறையாகவே வளர்ந்தது. ஆனால் எந்தப் பங்கை வாங்குவது, எப்போது விற்பது என்பதற்கு அது உதவாது. அவர் பெயரில் ஒரு கோட்பாடு இருக்கிறது, அவர் பணக்காரர் ஆனார், எனவே கோட்பாடுதான் பணம் ஈட்டித் தந்தது என்று இணையத்தில் பலர் முடிச்சுப் போட்டுவிட்டார்கள்.

அவருடைய வாழ்க்கையைப் பார்த்தால் வேறு ஒரு நூல் தென்படும். 1938-ல் மாசசூசெட்ஸில் பிறந்தார். தாய்வழித் தாத்தாவின் காலணித் தொழிற்சாலையில் அப்பாவுக்கு வேலை. எம்.ஐ.டி.யில் 1958-ல் பட்டம், பெர்க்லியில் 1961-ல் முனைவர் பட்டம். அப்போது வயது 23. பணத்தின் மேல் ஆசை பிற்பாடு வந்தது என்று நினைக்க வேண்டாம். திருமணத்துக்கு வந்த பணத்தை எடுத்துக்கொண்டு பெர்க்லி நாட்களிலேயே சோயாபீன்ஸ் வர்த்தகம் செய்து பார்த்தவர். எம்.ஐ.டி. நண்பர்களோடு சேர்ந்து கொலம்பியாவில் தரை ஓடு தயாரிக்கும் தொழிலில் முதலீடு செய்தார். அதில் வந்த பணத்தைப் பின்னாளில் பண்டச் சந்தையில் நண்பர் ஒருவர் மூலம் போட்டபோது, சில மாதங்களில் சுமார் பத்து மடங்கு ஆனதாக அவரே பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். வடிவியல் ஒரு பக்கம், சூதாட்டத்துக்குக் கொஞ்சம் கிட்டே போகும் வியாபார ஆர்வம் இன்னொரு பக்கம். இரண்டும் ஆரம்பத்திலிருந்தே கூடவே வந்தன.

சந்தைக்கு அவர் கொண்டுவந்தது என்ன என்று கேட்டால், 1964 முதல் 1968 வரையிலான நான்கு ஆண்டுகளைத்தான் நான் காட்டுவேன். பிரின்ஸ்டனில் இருந்த ஒரு பாதுகாப்பு ஆய்வு நிறுவனத்தில், எதிரி நாடுகளின் ரகசியக் குறியீடுகளை உடைக்கும் வேலை. சம்பளம் பல்கலைக்கழகத்தைவிட அதிகம். பாதி நேரம் சொந்தக் கணிதம் செய்துகொள்ளலாம். குறியீடு உடைப்பவர் முன் இருப்பது இரைச்சல். அதற்குள் ஏதோ ஒரு ஒழுங்கு ஒளிந்திருக்கிறது; அது என்னவென்று தெரியாது, ஆனால் அது விட்டுச்செல்லும் தடயங்கள் தெரியும். அங்கே உடன் வேலை பார்த்த லெனார்ட் பாம், இன்னொரு கணிதவியலாளர் லாயிட் வெல்ச்சுடன் சேர்ந்து, கண்ணுக்குத் தெரியாத நிலைகளைத் தெரியும் தடயங்களிலிருந்து மதிப்பிட ஒரு வழிமுறையை உருவாக்கினார். பாம்–வெல்ச் வழிமுறை என்று புள்ளியியல் மாணவர்கள் இன்றும் படிக்கிறார்கள். அந்த அலுவலகத்தில் இருந்தபோதே சைமன்ஸும் பாமும் மற்ற சிலரும் இதே அணுகுமுறையில் பங்குச் சந்தை பற்றி ஒரு உள் அறிக்கை எழுதினார்கள். விலை ஏன் ஏறுகிறது என்று அதில் அவர்கள் கேட்கவில்லை. சந்தை இப்போது எந்த நிலையில் இருக்கிறது, அடுத்து எந்த நிலைக்குப் போகும் வாய்ப்பு எவ்வளவு என்று மட்டும் கேட்டார்கள். பிற்காலத்து நிறுவனத்தின் விதை அதில்தான் இருக்கிறது என்பது என் கணிப்பு.

வியட்நாம் போரை ஆதரித்து அந்த நிறுவனத்தின் தலைவர் எழுதிய கட்டுரைக்கு எதிராக சைமன்ஸ் நியூயார்க் டைம்ஸுக்குக் கடிதம் எழுதினார். அதன் பிறகு ஒரு பத்திரிகையாளரிடமும் போரை எதிர்த்துப் பேசினார். வேலை போய்விட்டது. மூன்று குழந்தைகளோடு வெளியே வந்தவர், 30 வயதில் ஸ்டோனி புரூக் பல்கலைக்கழகத்தின் கணிதத் துறைத் தலைவரானார். பெயர் சொல்லும்படி எதுவும் இல்லாத துறைக்கு நல்ல ஆட்களைத் தேடித் தேடிக் கொண்டுவந்தார். பலரும் அவரைப் பற்றி எழுதும்போது இந்தப் பத்தாண்டை ஒரு வரியில் கடந்துவிடுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. திறமைசாலிகளை அடையாளம் காண்பது, அவர்களுக்குப் பிடித்ததைக் கொடுத்து இழுப்பது, ஒருவரோடு ஒருவர் முட்டிக்கொள்ளும் தலைக்கனங்களைச் சமாளிப்பது எல்லாம் அங்கேதான் பழக்கத்துக்கு வந்தன. அந்தத் திறன் இல்லாமல் பின்னால் நடந்த எதுவும் நடந்திருக்காது.

1978-ல் பேராசிரியர் வேலையை விட்டுவிட்டு, அருகிலேயே ஒரு கடைவரிசையில் அலுவலகம் எடுத்து மோனிமெட்ரிக்ஸ் என்ற நிறுவனத்தை ஆரம்பித்தார். அது 1982-ல் ரெனைசான்ஸ் டெக்னாலஜிஸ் ஆனது. பாமை அழைத்து வந்தார். சரி, கணித மேதைகள் இருவர் உட்கார்ந்தார்கள், பணம் கொட்டியது என்று நினைத்தால் தவறு. முதல் பத்தாண்டில் பெரும்பகுதி அவர்கள் செய்தது மற்ற எல்லாரும் செய்ததையே: செய்தி படிப்பது, நாணயம் ஏறுமா இறங்குமா என்று உள்ளுணர்வில் முடிவெடுப்பது. சில சமயம் பெரிய லாபம், சில சமயம் வயிற்றைக் கலக்கும் நட்டம். இயந்திரம் போன்ற வழிமுறையைக் கண்டுபிடித்த பாமே நாளடைவில் தன் உள்ளுணர்வை நம்பி வர்த்தகம் செய்து, பெரிய நட்டம் கண்டு விலகினார். ஆள் எத்தனை பெரிய கணிதவியலாளராக இருந்தாலும் பயமும் ஆசையும் அவரை விடாது என்பதை சைமன்ஸ் கிட்டத்தில் இருந்து பார்த்தார். முடிவெடுப்பதை முழுக்கக் கணினியிடம் விட்டுவிட வேண்டும் என்ற எண்ணம் அதற்குப் பிறகுதான் உறுதிப்பட்டது.

அதற்கு வேண்டியது தரவு. பழைய வட்டி விகிதங்கள் கணினியில் கிடைக்காத காலம் அது. ஆளை அனுப்பி நியூயார்க் ஃபெடரல் ரிசர்வில் இருந்த பதிவுகளைக் கையால் எழுதி எடுத்து வரச் செய்தார்கள். சாண்டர் ஸ்ட்ராஸ் என்பவர் விலைத் தரவைச் சேகரித்து, அதில் இருந்த பிழைகளைப் பொறுக்கிக் களைந்துகொண்டே இருந்தார். நாள் முடிவு விலை மட்டும் போதும் என்று மற்றவர்கள் இருந்தபோது, இவர்கள் நாளுக்குள் நடந்த விலை மாற்றங்களையும் சேமித்தார்கள். இந்தத் தொழிலில் இருந்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: சுத்தமான, நீண்ட காலத் தரவு கையில் இருப்பவருக்கும் இல்லாதவருக்கும் உள்ள தூரம், நல்ல கணிதம் தெரிந்தவருக்கும் சுமாராகத் தெரிந்தவருக்கும் உள்ள தூரத்தைவிடப் பெரியது.

ரெனைசான்ஸின் முதலீட்டு நிதியான மெடாலியன் ஃபண்ட் 1988-ல் தொடங்கியது. நடத்தியவர் ஜேம்ஸ் ஆக்ஸ், எண் கோட்பாட்டில் பரிசு வாங்கிய கணிதவியலாளர். 1989-ல் நட்டம். வர்த்தகத்தை நிறுத்தச் சொன்ன சைமன்ஸுக்கும் ஆக்ஸுக்கும் சண்டை. ஆக்ஸின் பங்கை வாங்கிக்கொண்டு உள்ளே வந்தவர் எல்வின் பெர்லகாம்ப். குறியீட்டுக் கோட்பாட்டில் பெரிய பெயர். அவர் செய்த மாற்றம் கேட்பதற்கு எளிது: நீண்ட நாள் வைத்திருக்கும் பெரிய பந்தயங்களைக் குறைத்து, சில நாட்களில் முடியும் சின்னச் சின்னப் பந்தயங்களை ஏராளமாகப் போடுவது. 1990-ல் கட்டணம் போக 55.9 சதவீத லாபம்.

இது ஏன் வேலை செய்கிறது என்பதை ஒரு கணக்கில் காட்டுகிறேன், ஏனென்றால் சூத்திரம் என்று ஒன்று இருந்தால் இதுதான் அது. பின்னாளில் நிறுவனத்தின் தலைமைக்கு வந்த ராபர்ட் மெர்சர், தாங்கள் 50.75 சதவீதம் தடவைதான் சரியாகக் கணிப்பதாக ஒருவரிடம் சொன்னதாகப் பதிவு உண்டு. அதாவது நாணயத்தைச் சுண்டிப் போடுவதைவிடக் கொஞ்சூண்டு மேல். ஒவ்வொரு பந்தயத்திலும் ஒரு டாலர் கிடைக்கும் அல்லது போகும் என்று வைத்துக்கொள்ளுங்கள். 100 பந்தயத்தில் சராசரி லாபம் 1.50 டாலர், ஆனால் அதிர்ஷ்டத்தால் ஏற்படும் ஏற்ற இறக்கம் சுமார் 10 டாலர். உங்கள் திறமை இரைச்சலில் மூழ்கிவிடும். 10,000 பந்தயத்தில் சராசரி லாபம் 150, ஏற்ற இறக்கம் 100. பரவாயில்லை, ஆனால் இன்னும் நட்டத்தில் முடிய வாய்ப்பு இருக்கிறது. பத்து லட்சம் பந்தயத்தில் சராசரி லாபம் 15,000, ஏற்ற இறக்கம் வெறும் 1,000. இப்போது நட்டம் வருவது நடைமுறையில் இல்லவே இல்லை. லாபம் பந்தய எண்ணிக்கையோடு நேராக வளர்கிறது, ஏற்ற இறக்கம் அதன் வர்க்கமூலத்தோடுதான் வளர்கிறது. முதலாண்டுப் புள்ளியியல் மாணவருக்கே தெரிந்த விஷயம் இது. ஒரு நிபந்தனை உண்டு: பந்தயங்கள் ஒன்றையொன்று சாராமல் இருக்க வேண்டும். நிஜச் சந்தையில் அவை ஒன்றாகச் சாயும். ரெனைசான்ஸில் மூளை செலவானது பெரும்பாலும் இதில்தான் என்று நினைக்கிறேன். வாங்கும்போதும் விற்கும்போதும் விலை நமக்கு எதிராக நகரும் செலவையும் அவர்கள் வெறித்தனமாக அளந்தார்கள். லாப விளிம்பு இத்தனை மெல்லியதாக இருக்கும்போது, அந்தச் செலவைத் தப்பாகக் கணித்தால் எல்லாம் போச்சு.

1993-ல் ஐ.பி.எம்.மின் பேச்சு அறிதல் குழுவிலிருந்து பீட்டர் பிரவுனும் மெர்சரும் வந்தார்கள். நிதி தெரியாத இருவரை ஏன் எடுத்தார் என்று கேட்பார்கள். பேச்சு அறிதலுக்கு அடிப்படையாக இருந்ததும் அதே பாமின் கணிதம்தான்: காதில் விழும் ஒலியிலிருந்து, பேசியவர் சொல்ல வந்த சொல்லை ஊகிப்பது. குறியீடு, பேச்சு, சந்தை மூன்றும் அவர்களுக்கு ஒரே வகைக் கணக்கு. அவர்கள் எழுதிய பங்கு வர்த்தக நிரல் ஆரம்பத்தில் ஓடவில்லை. நிரலில் ஓரிடத்தில், அமெரிக்கப் பெரு நிறுவனப் பங்குகளின் போக்கைக் காட்டும் எஸ் அண்ட் பி 500 குறியீட்டெண்ணுக்கு அன்றாட மதிப்பு வராமல், 1991-ஆம் ஆண்டின் மதிப்பு ஒன்று நிலையாக எழுதப்பட்டிருந்ததை ஓர் இளம் நிரலாளர் கண்டுபிடித்தார். உலகத்தின் ஆகச்சிறந்த மூளைகள் இருந்த இடத்தில் இப்படி ஒரு பிழை மாதக்கணக்கில் கிடந்தது. நிரல் எல்லாருக்கும் திறந்திருக்க வேண்டும், யார் வேண்டுமானாலும் யார் எழுதியதையும் பார்க்கலாம் என்பது அங்கே விதி. அப்படி இருந்ததால்தான் அது அகப்பட்டது. பெரும்பாலான வர்த்தக நிறுவனங்களில் ஒவ்வொரு குழுவும் தன் நிரலை மற்றக் குழுவிடம் காட்டாமல் பூட்டி வைக்கும்.

லாபக் கணக்குக்கு வருவோம். 1988 முதல் 2018 வரை மெடாலியனின் சராசரி ஆண்டு லாபம் கட்டணத்துக்கு முன் சுமார் 66 சதவீதம், கட்டணம் போக 39 சதவீதம். மொத்த வர்த்தக லாபம் 10,000 கோடி டாலருக்கு மேல். இவை நிறுவனம் வெளியிட்டவை அல்ல, ஒரு பத்திரிகையாளர் திரட்டியவை. ஆனால் அமெரிக்க செனட் விசாரணையில் வெளிவந்த எண்களும் ஏறக்குறைய இதே அளவைக் காட்டுவதால் நான் நம்புகிறேன். 39 சதவீதத்தைக் கூட்டு வட்டியில் போட்டு, ஒரு டாலர் 27,000 டாலர் ஆகியிருக்கும் என்று பரப்புகிறார்களே, அது மட்டும் நடக்கவில்லை. நடக்கவும் முடியாது. ஃபண்டின் அளவை அவர்கள் சுமார் 1,000 கோடி டாலரில் கட்டிப்போட்டு, மேலே வரும் லாபத்தை எடுத்துக் கொடுத்துவிட்டார்கள். பணம் பெருத்தால் அவர்கள் வாங்கும் வேகமே விலையை ஏற்றிவிடும், மெல்லிய விளிம்பு காணாமல் போகும். 1993-லேயே புதிய வெளியாட்களுக்குக் கதவு சாத்தப்பட்டது. 2005 வாக்கில், ஏற்கெனவே உள்ளே இருந்த வெளியாட்களும் பணத்தோடு அனுப்பப்பட்டார்கள். 5 சதவீத நிர்வாகக் கட்டணமும், 2002-லிருந்து லாபத்தில் 44 சதவீதமும் என்ற பயங்கரமான கட்டணத்தைக் கண்டு வாய்பிளக்கிறார்கள்; பெரும்பாலும் ஊழியர்களின் பணமாக இருந்த ஃபண்டில், அது நிறுவனத்தில் பங்கு வைத்திருந்தவர்களுக்குப் பிரித்துக் கொடுக்கும் வழி.

அளவுதான் எல்லை என்பதற்கு அவர்களிடமே சாட்சி இருக்கிறது. 2005-ல் வெளியாட்களுக்காக ஆரம்பித்த பெரிய பங்கு ஃபண்ட், 2020-ல் கிட்டத்தட்ட ஐந்தில் ஒரு பங்கு நட்டமடைந்தது. அதே ஆண்டு மெடாலியன் 76 சதவீத லாபம் எடுத்ததாகச் செய்திகள் வந்தன. அதே கட்டடம், அதே ஆட்கள். மாதக்கணக்கில் வைத்திருக்க வேண்டிய பெரும்பணத்தில் அந்த வித்தை பலிக்கவில்லை.

கணினி சொல்வதை மீறவே கூடாது என்பதும் முழு உண்மை இல்லை. 2007 ஆகஸ்டில் கணினி வழி வர்த்தகம் செய்த நிறுவனங்கள் எல்லாம் ஒரே வாரத்தில் அடிவாங்கின. மெடாலியனும் சில நாட்களில் பெரிய தொகையை இழந்தது. மாதிரியை நம்பி இருக்கலாம் என்று பிரவுன் தரப்பு சொல்ல, சைமன்ஸ் பந்தயங்களைக் குறைக்கச் சொன்னார். ஆண்டு பெருத்த லாபத்தில்தான் முடிந்தது. குறைக்காமல் இருந்திருந்தால் இன்னும் அதிகம் வந்திருக்குமா, நிறுவனமே மூழ்கியிருக்குமா என்று யாராலும் நிரூபிக்க முடியாது. கடன் வாங்கிப் பல மடங்கு வர்த்தகம் செய்பவர் பயப்படுவதில் தப்பில்லை என்பேன்.

அந்தக் கடன் விஷயத்திலேயே அவர் கதையின் அழுக்கான பகுதியும் இருக்கிறது. டாய்ச்சே பேங்க், பார்க்ளேஸ் ஆகிய வங்கிகள் வழியாக பாஸ்கெட் ஆப்ஷன் என்ற ஏற்பாடு; ஒரு பங்குத் தொகுப்பின் மதிப்பைச் சார்ந்த ஒப்பந்தம் அது. கணக்கு வங்கியின் பெயரில் இருக்கும், வர்த்தகம் செய்வது ரெனைசான்ஸ். உள்ளே பங்குகள் சில நாட்களில் கைமாறும், ஆனால் ஆப்ஷனை ஓராண்டுக்கு மேல் வைத்திருந்ததால் நீண்ட கால லாபம் என்று சொல்லிக் குறைந்த வரி கட்டினார்கள். 2014-ல் செனட் துணைக்குழு இதை விசாரித்து, தவிர்க்கப்பட்ட வரி சுமார் 680 கோடி டாலர் என்று மதிப்பிட்டது. 2021-ல் வரித்துறையோடு சமரசமானது. நிறுவனத்தில் இருந்தவர்களும் முன்னாள் ஆட்களும் கட்ட வேண்டியது 700 கோடி டாலர் வரை போகலாம் என்றும், சைமன்ஸ் தனியாக 67 கோடி டாலர் கூடுதலாகக் கட்டுவார் என்றும் அப்போது தகவல் வந்தது. சட்டம் தங்கள் பக்கம் என்றே நிறுவனம் சொல்லிவந்தது. இது மோசடி வழக்கு இல்லை, வரித் தகராறு. ஆனாலும் அந்த 39 சதவீதத்தைப் பேசுகிறவர்கள் இதை விட்டுவிடுவது நியாயமில்லை.

மிச்சத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன். 2009 முடிவில் தலைமைப் பொறுப்பை விட்டார், 2021 வரை வாரியத் தலைவராக இருந்தார். இரண்டு மகன்களை இழந்தவர்: ஒருவர் 1996-ல் மிதிவண்டி விபத்தில், இன்னொருவர் 2003-ல் பாலியில் நீரில் மூழ்கி. மனைவி மேரிலினுடன் 1994-ல் தொடங்கிய சைமன்ஸ் அறக்கட்டளை, அடிப்படை அறிவியலுக்கும் ஆட்டிசம் ஆய்வுக்கும் பெரும்பணம் கொடுத்தது. நியூயார்க்கில் ஃப்ளாட்அயர்ன் ஆய்வு நிறுவனம் அதன் பணத்தில் நடக்கிறது. 2023-ல் ஸ்டோனி புரூக்குக்கு 50 கோடி டாலர் அறிவித்தார்கள். 2024 மே 10 அன்று, 86 வயதில் இறந்தார். அப்போது சொத்து மதிப்பு சுமார் 3,100 கோடி டாலர்.

இனி உங்கள் தம்பிக்கு. மெடாலியன் எந்தெந்த விலைத் தடயங்களை வைத்து வர்த்தகம் செய்தது என்பது வெளியே வரவில்லை. ஊழியர்கள் கடுமையான ரகசிய ஒப்பந்தத்தில் இருக்கிறார்கள். விட்டுப்போன இருவர் மேல் வழக்கே போட்டார்கள். அதனால் சைமன்ஸ் முறையைக் கற்றுத்தருகிறேன் என்று யார் கட்டணம் கேட்டாலும் கொடுக்க வேண்டாம். கருவிகள் மட்டும் பொதுவெளியில் இருக்கின்றன: நிகழ்தகவு, தொடர்புப் போக்கு (regression), காலத்தொடர் (time series), பாம்–வெல்ச் வழிமுறை. கூடவே நிரல் எழுதவும், அழுக்குத் தரவைச் சலிக்காமல் சுத்தம் செய்யவும் வர வேண்டும். வடிவியலில் முனைவர் பட்டம் வாங்கினாலும் பரவாயில்லை, அங்கே வானியல்காரர்களும் இயற்பியல்காரர்களும் இருந்தார்கள். வீட்டில் உட்கார்ந்து சொந்தப் பணத்தில் இதைச் செய்ய முடியுமா என்றால், என் பதில் முடியாது. ஒரு பந்தயத்துக்குக் கிடைக்கும் விளிம்பைவிடத் தனிநபர் கட்டும் தரகும், வாங்கும் விலைக்கும் விற்கும் விலைக்கும் உள்ள வித்தியாசமும் அதிகம். வேலையாகத் தேடினால், இந்த வகை நிறுவனங்கள் நேர்காணலில் நிதிக் கேள்விகளைவிட நிகழ்தகவுக் கணக்கையும் நிரலையும்தான் அதிகம் கேட்கும். முதல் பயிற்சியாக, இலவசமாகக் கிடைக்கும் தினசரி விலைத் தரவை எடுத்து, தனக்குத் தோன்றும் ஒரு விதியைப் பாதித் தரவில் உருவாக்கி, தொடாமல் வைத்திருந்த மறுபாதியில், வர்த்தகச் செலவையும் கழித்துச் சோதித்துப் பார்க்கச் சொல்லுங்கள். முடிவு எப்படி வந்தாலும் நிரலோடு இங்கே போடச் சொல்லுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.